எண்ண முடியாததைக் கண்காணிக்க முடியுமா? – வாசகர் கேள்வி பதில்

செயற்கை நுண்ணறிவுக்கு உலக அளவில் கட்டுப்பாடு வேண்டுமா, வேண்டுமென்றாலும் அது நடக்கிற காரியமா என்று கேட்டு வந்த கடிதங்கள் சேர்ந்துவிட்டதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். சுருக்கம் கருதி ஏ.ஐ. என்றே எழுதுகிறேன்.

கேள்வி: ஏ.ஐ. பற்றி மாநாடு, பிரகடனம், தீர்மானம், உடன்படிக்கை என்று செய்திகள் வந்தபடியே இருக்கின்றன. எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் சட்டம் என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், தஞ்சாவூர்

பதில்: இல்லை. நீங்கள் குறிப்பிட்டவை நாளிதழில் ஒரே பத்தியில் இடம்பெற்றாலும் ஒரே எடை கொண்டவை அல்ல.

மீறினால் தண்டம் கட்ட வேண்டியிருக்கும் என்ற பொருளில் சட்டம் என்று சொல்லத்தக்கது, 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏ.ஐ. சட்டம். அது ஒரே நாளில் முழுமையாகச் செயல்படத் தொடங்கவில்லை. மக்களின் நடத்தைக்கு மதிப்பெண் போட்டு அதன்படி நடத்துவது, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் இல்லாமல் பணியிடத்திலும் பள்ளியிலும் ஒருவரது முகத்தை வைத்து உணர்ச்சியைக் கணிப்பது போன்ற பயன்பாடுகள் 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்யப்பட்டன. சாட்ஜிபிடி போன்ற சேவைகளுக்கு அடித்தளமான பொதுப் பயன்பாட்டு மாதிரிகளை (மாடல்களை) உருவாக்கும் நிறுவனங்களுக்குரிய கடமைகள் அதே ஆண்டு ஆகஸ்ட் 2 முதல் தொடங்கின. தடையை மீறினால் 3.5 கோடி யூரோ, அல்லது நிறுவனத்தின் உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 7 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அது தண்டம். ஐரோப்பியச் சந்தைக்குள் வரும் அமெரிக்க, சீன நிறுவனங்களுக்கும் இது பொருந்தும் என்பதால் அதன் கை எல்லைக்கு வெளியேயும் நீள்கிறது. ஆனால் 2025 நவம்பரில், மருத்துவம், வேலைவாய்ப்பு, கடன் வழங்கல் போன்ற அதிக ஆபத்துள்ள துறைகளுக்கான விதிகளைத் தள்ளிப்போடலாம் என்று ஐரோப்பிய ஆணையமே முன்மொழிந்தது. சட்டத்தை இயற்றியவர்களே தயங்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதைத்தான் இது காட்டுகிறது.

பன்னாட்டு உடன்படிக்கை என்றால், 2024 செப்டம்பர் 5 அன்று லித்துவேனியாவின் வில்னியஸ் நகரில் கையெழுத்துக்குத் திறந்துவைக்கப்பட்ட ஐரோப்பிய மன்றத்தின் உடன்படிக்கையைச் சொல்ல வேண்டும். (ஐரோப்பிய ஒன்றியம் வேறு, இந்த மன்றம் வேறு.) சட்டப்படி கட்டுப்படுத்தும் முதல் ஏ.ஐ. உடன்படிக்கை என்று அதைச் சொல்கிறார்கள். அமெரிக்காவும் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் முதல் நாளிலேயே கையெழுத்திட்டன. ஆனால் கையெழுத்து வேறு, நாட்டின் சட்டமன்றம் ஏற்று உறுதிசெய்வது வேறு. போதாததற்கு நாட்டுப் பாதுகாப்பு தொடர்பான ஏ.ஐ. பணிகளை அந்த உடன்படிக்கை கட்டுப்படுத்தாது. இராணுவத் துறை முற்றிலும் அதற்கு வெளியே நிற்கிறது.

மற்றவை, அதாவது 2021இல் யுனெஸ்கோவின் 193 உறுப்பு நாடுகள் ஏற்ற அறநெறிப் பரிந்துரை, 2024 மார்ச் 21 அன்று ஐ.நா. பொதுச்சபை வாக்கெடுப்பின்றி நிறைவேற்றிய தீர்மானம், மாநாட்டுப் பிரகடனங்கள் எல்லாம் நாடுகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்ட நல்ல வார்த்தைகள். அவற்றைக் காட்டி யாரையும் நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது.

கேள்வி: இயந்திரம் மனிதனை மீறிவிடும் என்பது திரைப்படக் கற்பனை என்றே நினைத்திருந்தேன். அறிஞர்கள் உண்மையிலேயே அஞ்சுகிறார்களா, அல்லது விளம்பரத்துக்காகச் சொல்கிறார்களா?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: விளம்பர நோக்கம் சிலருக்கு இருக்கலாம், ஆனால் இந்த அச்சம் இன்றைய நிறுவனங்களைவிட மூத்தது. கணினி அறிவியலின் மூலவர்களில் ஒருவரான ஆலன் டூரிங், 1951இல் ஆற்றிய உரையொன்றில், சிந்திக்கும் இயந்திரங்கள் ஒரு கட்டத்தில் கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுத்துக்கொள்ளும் என எதிர்பார்க்க வேண்டியிருக்கும் என்றார். இரண்டாம் உலகப் போரில் பிளெட்ச்லி பார்க்கில் அவரோடு மறைகுறிகளை உடைத்த கணிதவியலாளர் ஐ. ஜே. குட், 1965இல் அதை ஒரு படி மேலே கொண்டுபோனார். மனிதனை மிஞ்சும் இயந்திரம் தன்னைவிடச் சிறந்த இயந்திரத்தைத் தானே வடிவமைக்கும். ஆகவே அப்படிப்பட்ட முதல் இயந்திரமே மனிதன் செய்ய வேண்டிய கடைசிக் கண்டுபிடிப்பு என்றவர், தன்னைக் கட்டுக்குள் வைத்திருப்பது எப்படி என்று நமக்குச் சொல்லும் அளவுக்கு அது பணிவாக இருந்தால், என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்தார். அந்த நிபந்தனையில்தான் விவாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ளக் கொலைகார ரோபோக்களைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. பின்னாளில் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2016இல் படகுப் பந்தயக் கணினி விளையாட்டு ஒன்றில் ஒரு நிரலைப் பழக்கினார்கள். பந்தயத்தை முடிப்பதுதான் நோக்கம். ஆனால் வழியிலுள்ள இலக்குகளை இடித்தால்தான் புள்ளிகள் கிடைக்கும். நிரல் என்ன செய்தது? பாதையிலிருந்து விலகிய ஒரு குட்டைக்குள் படகை ஓட்டிப்போய், மீண்டும் மீண்டும் முளைக்கும் மூன்று இலக்குகளை வட்டமடித்து இடித்துக்கொண்டே இருந்தது. மற்ற படகுகள் மீது மோதியது, தீப்பற்றிக்கொண்டது, பந்தயத்தை முடிக்கவே இல்லை. ஆனாலும் மனிதர்கள் சராசரியாக எடுக்கும் புள்ளிகளைவிடச் சுமார் 20 விழுக்காடு அதிகம் எடுத்தது. அதற்கு யார் மீதும் பகை இல்லை. நாம் விரும்பியதற்கும் நாம் அளந்ததற்கும் இடையே இருந்த இடைவெளியில் அது புகுந்துகொண்டது, அவ்வளவுதான்.

2023 மார்ச்சில் அதே நிறுவனம் வெளியிட்ட ஜிபிடி-4 மாதிரியின் சோதனைக் குறிப்பில் இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறது. 'நான் ரோபோ அல்ல' என்று காட்டுவதற்கான படப் புதிரைத் தீர்க்க முடியாமல், அந்த மாதிரி சில்லறை வேலைகளுக்கு ஆள் பிடித்துத் தரும் தளம் ஒன்றின் வழியாக ஒரு தொழிலாளியின் உதவியை நாடியது. அவர் சந்தேகப்பட்டு, 'நீ ரோபோவா?' என்று விளையாட்டாகக் கேட்க, தனக்குப் பார்வைக் குறைபாடு இருப்பதாக அது பதில் சொன்னது. இது ஆய்வாளர்கள் வேண்டுமென்றே நடத்திய சோதனை, அவர்களது உதவியும் அதில் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆயினும் இலக்கை அடைய மறைப்பது பயன்படும் என்றால் மறைக்கும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

2023 மே மாதம் நூற்றுக்கணக்கான அறிஞர்கள் ஒரே வாக்கியத்தில் அமைந்த அறிக்கையில் கையெழுத்திட்டார்கள்: கொள்ளைநோய்களையும் அணு ஆயுதப் போரையும் போலவே, ஏ.ஐ.யால் மனித இனம் அழிந்துபோகும் ஆபத்தைக் குறைப்பதையும் உலகம் முதன்மைப் பணியாகக் கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். ஜெஃப்ரி ஹிண்டன், யோஷுவா பெஞ்சியோ ஆகிய ஆய்வாளர்களோடு ஓப்பன்ஏஐ, கூகுள் டீப்மைண்ட், ஆந்த்ரோபிக் நிறுவனங்களின் தலைவர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். அதேசமயம், ஹிண்டனோடும் பெஞ்சியோவோடும் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதை 2018ஆம் ஆண்டுக்குப் பகிர்ந்துகொண்ட யான் லெகுன், இன்றைய மொழி மாதிரிகளுக்கு உலகைப் பற்றிய அடிப்படைப் புரிதலே இல்லை, இந்த அச்சம் மிகையானது என்று தொடர்ந்து வாதிடுகிறார். ஒரே விருதைப் பெற்ற மூவருக்குள்ளேயே கருத்து வேறுபாடு என்றால், துறை இன்னும் தெளிவடையவில்லை என்று பொருள். அழிவுக்கு இத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று சிலர் எண் சொல்லும்போது அதை ஊகமாகவே கொள்ளுங்கள். மழைக்கு வானிலை மையம் சொல்லும் விழுக்காட்டுக்குப் பின்னால் உள்ளதுபோல இதற்குப் பின்னால் பல்லாண்டுத் தரவு எதுவும் இல்லை.

கேள்வி: ஆறு மாதம் ஆராய்ச்சியை நிறுத்திவைக்கச் சொல்லி 2023இல் ஒரு கடிதம் வந்ததே, யாராவது நிறுத்தினார்களா?
– மளிகை வணிகர், விருதுநகர்

பதில்: ஒருவரும் நிறுத்தவில்லை. கையெழுத்திட்டவர்களில் ஒருவரான எலான் மஸ்க் அந்த ஆறு மாதத்துக்குள்ளேயே தம் சொந்த ஏ.ஐ. நிறுவனத்தை அறிவித்தார்.

கேள்வி: அணுசக்திக்குப் பன்னாட்டு அணுசக்தி முகமை இருப்பதுபோல ஏ.ஐ.க்கும் ஒரு முகமையை அமைத்துவிட்டால் போதாதா? ஓப்பன்ஏஐ நிறுவனமே இதைச் சொன்னதாகப் படித்தேன்.
– மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: 2023 மே மாதம் அந்த நிறுவனத்தின் தலைவர்கள் அவ்வாறு எழுதியது உண்மை. ஆனால் அந்த முகமை ஏன் வேலை செய்கிறது என்று பார்த்தால்தான், ஏ.ஐ.க்கு அது ஏன் எளிதில் பொருந்தாது என்பது விளங்கும்.

நமக்கு அருகிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. கூடங்குளத்து அணு உலைகள் வியன்னாவில் உள்ள அந்த முகமையின் கண்காணிப்புக்கு உட்பட்டவை. அதே தமிழ்நாட்டில் கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையமும் அதிவேக ஈனுலையும் அந்தக் கண்காணிப்புக்கு வெளியே இருப்பவை. கண்காணிப்பு என்றால் முகமையின் ஆய்வாளர் வந்து உலை நன்றாக ஓடுகிறதா என்று பார்ப்பது அல்ல. அவர் ஒரு கணக்குப்பிள்ளை. எத்தனை எரிபொருள் கோல்கள் உள்ளே போயின, எத்தனை வெளியே வந்தன, முத்திரை உடைந்திருக்கிறதா, கேமரா இடைவிடாமல் ஓடியிருக்கிறதா என்று சரிபார்ப்பதே அவர் வேலை. ஒரு குண்டு செய்யத் தேவைப்படக்கூடிய அளவாக முகமை வைத்திருப்பது புளூட்டோனியத்தில் 8 கிலோ, உயர்செறிவு யுரேனியத்தில் 25 கிலோ. அந்த அளவு கணக்கிலிருந்து காணாமல் போனால் மணி அடிக்க வேண்டும். பொருள் அரிது, கதிர்வீச்சால் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும், அதைச் செறிவூட்டப் பெரிய ஆலை வேண்டும் என்பவையெல்லாம் சேர்ந்துதான் இந்தக் கணக்கைச் சாத்தியமாக்குகின்றன. இவ்வளவும் இருந்தும் ஈராக்கின் மறைமுகத் திட்டம் 1991 வளைகுடாப் போருக்குப் பிறகுதான் முழுமையாக வெளிச்சத்துக்கு வந்தது. அதன் விளைவாகவே, அறிவிக்கப்படாத இடங்களையும் பார்க்க அனுமதிக்கும் கூடுதல் நெறிமுறையை 1997இல் உருவாக்கினார்கள்.

ஏ.ஐ.யில் 8 கிலோவுக்கு நிகர் எது? பயிற்சி முடிந்த ஒரு மாதிரி என்பது எண்களின் பெருந்தொகுப்பு. அதை நகலெடுக்கலாம், கடல்கடந்து அனுப்பலாம். நகலெடுத்த பிறகும் மூலம் இருந்த இடத்திலேயே இருக்கும் என்பதால் கணக்கில் எதுவும் குறையாது. இணையத்தில் ஒருமுறை வெளியிட்டுவிட்டால் திரும்பப் பெறவும் வழியில்லை.

கண்ணுக்குத் தெரிவதும் எண்ணக்கூடியதுமான ஒரே பொருள் கணினிச் சில்லுதான் (சிப்). முன்னணி மாதிரி ஒன்றைப் பழக்க ஆயிரக்கணக்கான உயர்திறன் சில்லுகள், அவற்றுக்குத் தரவு மையம், அதற்கு ஒரு சிறுநகரத்துக்குரிய மின்சாரம் என்று தேவைப்படுகின்றன. அந்தச் சில்லுகளை வடிவமைப்பதில் என்விடியா முதலிடத்தில் இருக்கிறது. மிகப் பெரும்பாலானவற்றைத் தைவானின் டி.எஸ்.எம்.சி. தயாரிக்கிறது, அதற்கு இன்றியமையாத அதிநுண் புற ஊதா ஒளி அச்சு இயந்திரத்தை உலகிலேயே நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். என்ற ஒரு நிறுவனம் மட்டும்தான் செய்கிறது. யுரேனியச் சுரங்கங்களைக்கூட இவ்வளவு குறுகிய வாசலுக்குள் அடக்கியதில்லை. ஐரோப்பியச் சட்டமும் இந்தக் கணக்கைத்தான் பிடித்துக்கொண்டது: ஒரு மாதிரியைப் பழக்கச் செலவான கணக்கீடுகளின் எண்ணிக்கை 1க்குப் பின்னால் 25 சுழியங்களைத் தாண்டினால், அது பரந்த அளவில் ஆபத்து விளைவிக்கக்கூடியது என்று முதற்கண் கொள்ளப்பட்டு, கூடுதல் சோதனைகளுக்கு உட்பட வேண்டும்.

ஆனால் இந்த அளவுகோல் தேய்ந்துகொண்டே வருகிறது. 2022 அக்டோபர் முதல் உயர்திறன் சில்லுகளைச் சீனாவுக்கு விற்க அமெரிக்கா கட்டுப்பாடு விதித்திருக்கையிலேயே, 2025 ஜனவரியில் சீனாவின் டீப்சீக் நிறுவனம் குறைந்த கணக்கீட்டில் பழக்கிய திறமையான மாதிரியை வெளியிட்டு, யாரும் இறக்கிக்கொள்ளும்படி திறந்தும் வைத்தது. பழக்கும்போது குறைவாகச் செலவழித்துவிட்டு, கேள்விக்கு விடை தேடும்போது அதிகமாகச் செலவழிக்கும் முறையும் இப்போது பரவியிருப்பதால், பயிற்சிக் கணக்கை மட்டும் பார்த்து ஒரு மாதிரியின் திறனை முடிவுசெய்ய முடியாது.

சரிபார்க்க வழியில்லாத உடன்படிக்கை என்ன ஆகும் என்பதற்கு வரலாறு உண்டு. 1972இன் உயிரியல் ஆயுத உடன்படிக்கை அந்த ஆயுதங்களை அடியோடு தடை செய்தது. ஆனால் ஆய்வாளர் வந்து பார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. அந்த உடன்படிக்கையின் பொறுப்பாளர் நாடுகளில் ஒன்றான சோவியத் ஒன்றியம், கையெழுத்திட்ட பிறகுதான் தன் உயிரியல் ஆயுதத் திட்டத்தை மிகப் பெரிதாக விரிவுபடுத்தியது. 1979இல் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரின் இராணுவக் கூடத்திலிருந்து ஆந்த்ராக்ஸ் கிருமி காற்றில் கசிந்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தபோதுகூட, கெட்டுப்போன இறைச்சியால் வந்த நோய் என்று சொல்லி மறைத்தார்கள். உண்மையை 1992இல்தான் ரஷ்ய அதிபர் எல்த்சின் ஒப்புக்கொண்டார். ஏ.ஐ.க்குப் பெயரளவில் ஒரு முகமையை நாளையே அமைத்துவிடலாம். எண்ணுவதற்குரிய பொருளும் உள்ளே நுழையும் அதிகாரமும் இல்லையென்றால் அது வியன்னா முகமையாக இராது, 1972இன் காகிதமாகத்தான் இருக்கும் என்பது என் கருத்து.

கேள்வி: நிறுவனங்கள் தாங்களே பாதுகாப்புச் சோதனை நடத்தி முடிவை வெளியிடுகின்றனவே, அதை நம்பலாமா?
– வழக்கறிஞர், சென்னை

பதில்: 2024 மே மாதம் தென்கொரியாவின் சோல் நகரில் நடந்த ஏ.ஐ. மாநாட்டில் 16 நிறுவனங்கள், ஆபத்து எல்லை மீறினால் மாதிரியை உருவாக்கவோ வெளியிடவோ மாட்டோம் என்று உறுதியளித்தன. எல்லை எது என்று வரைந்துகொள்வதும், அதை மீறியதா என்று தீர்மானிப்பதும் அந்நிறுவனங்களே. லாரி உரிமையாளரே தன் வண்டிக்கு எஃப்.சி. எழுதிக்கொள்வது போன்றது இது. நேர்மையானவராகவே இருந்தாலும் அந்தச் சான்றிதழை யாரும் ஏற்பதில்லை.

கலிபோர்னியா மாநிலம் 2025 செப்டம்பரில் இயற்றிய சட்டம் சிறிது முன்னேற்றம். பெரிய நிறுவனங்கள் தம் பாதுகாப்புத் திட்டத்தை வெளியிட வேண்டும். கடுமையான பாதுகாப்பு நிகழ்வுகளை 15 நாட்களுக்குள் மாநில அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். உள்ளிருந்து குற்றம் சொல்லும் ஊழியருக்குப் பாதுகாப்பு உண்டு. தண்டத்தின் உச்சம் ஒரு மீறலுக்கு 10 இலட்சம் டாலர். ஆண்டு வருவாய் 50 கோடி டாலருக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்குத்தான் இந்தக் கடமைகள் முழுமையாகப் பொருந்தும் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அது எவ்வளவு வலிக்கும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: போலிக் காணொளியும் வேலை இழப்பும் இன்று கண்முன் நிற்கும்போது, நூறாண்டுக்குப் பின் வரப்போகும் ஆபத்தைப் பேசுவது பிரச்சினையைத் திசைதிருப்புவது ஆகாதா?
– பள்ளி ஆசிரியை, ஈரோடு

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது, தொலைதூர ஆபத்தை உரக்கப் பேசி, இன்றைய பொறுப்பிலிருந்து நழுவும் நிறுவனத் தலைவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் இரண்டுக்கும் மருந்து பெரும்பாலும் ஒன்றே என்பதால், ஒன்றை விட்டு மற்றொன்று என்று பிரிக்க வேண்டியதில்லை. நிறுவனத்துக்கு வெளியிலிருந்து பரிசோதிக்கும் அதிகாரம், தவறு நடந்தால் அறிவிக்கும் கடமை, அறிவித்ததைப் பிற நாடுகளும் அறிந்துகொள்ளும் ஏற்பாடு ஆகிய மூன்றும் கடன் விண்ணப்பத்தைத் தவறாக நிராகரிக்கும் மென்பொருளுக்கும் தேவை, நாளைய பெரிய மாதிரிக்கும் தேவை.

வானூர்தித் துறை இதைக் கற்றுக்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. 1944இல் சிகாகோவில் உருவான உடன்படிக்கையும் அதன் 13ஆம் இணைப்பும் விபத்து விசாரணைக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான முறையை வகுத்தன. விமானம் விழுந்த நாடு, பதிவுசெய்த நாடு, வடிவமைத்த நாடு, தயாரித்த நாடு எல்லாம் விசாரணையில் இடம்பெறும். பழி சுமத்துவது அல்ல, மறுபடி நிகழாமல் தடுப்பதே விசாரணையின் நோக்கம் என்று அந்த இணைப்பே சொல்கிறது. விமானப் பயணம் இன்று இவ்வளவு பாதுகாப்பாக இருப்பதற்கு இந்தச் சலிப்பூட்டும் அறிக்கைகளுக்கும் பங்கு உண்டு. ஏ.ஐ. துறையில் நாடுகளுக்கிடையே அப்படிக் கட்டாய அறிக்கை முறை இன்று இல்லை. முகமை அமைப்பதைவிட இதை முதலில் செய்யலாம் என்று நினைக்கிறேன். இதற்கு எந்த நாடும் தன் இறையாண்மையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: சட்டங்கள் எல்லாம் இராணுவத்தை விட்டுவிடுகின்றன என்று எழுதுகிறார்கள். ஆபத்து அங்குதானே அதிகம்?
– முன்னாள் படைவீரர், வேலூர்

பதில்: நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஐரோப்பியச் சட்டம், இராணுவத்துக்கு மட்டுமே பயன்படும் ஏ.ஐ.யைத் தன் எல்லைக்கு வெளியே வைக்கிறது.

தானாக இலக்கைத் தேர்ந்து தாக்கும் ஆயுதங்களைப் பற்றி ஜெனீவாவில், குறிப்பிட்ட மரபு ஆயுதங்களுக்கான உடன்படிக்கையின் கீழ் 2014 முதல் பேசிவருகிறார்கள். அங்கே ஒருமித்த கருத்து இல்லாமல் எதுவும் நகராது என்பதால், ஒரு நாடு மறுத்தாலே பேச்சு நின்றுவிடும். அந்த முட்டுக்கட்டையைத் தாண்ட 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தபோது 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளுள் ரஷ்யாவோடு இந்தியாவும் ஒன்று. படைபலம் உள்ள நாடுகள் எல்லாம் அமர்ந்திருக்கும் ஜெனீவாவே இதற்குரிய இடம், இணையாக இன்னொரு மேடை வேண்டாம் என்பது இந்தியாவின் வாதம். வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் ஜெனீவாவில் இத்தனை ஆண்டுகளில் ஒரு பத்திகூட சட்டமாகவில்லை என்பதற்கு அதில் விடை இல்லை.

1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் முன்னெச்சரிக்கைச் செயற்கைக்கோள் அமைப்பு, அமெரிக்காவிலிருந்து ஐந்து ஏவுகணைகள் கிளம்பிவிட்டதாகத் திரையில் காட்டியது. பணியிலிருந்த அதிகாரி ஸ்டானிஸ்லாவ் பெத்ரோவ், போரைத் தொடங்குபவன் ஐந்தே ஐந்தை மட்டும் ஏவமாட்டான் என்று எண்ணி, அதைப் பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார். மேகங்களின் மேற்பரப்பில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைத்தான் கருவி ஏவுகணை என்று கொண்டிருந்தது. அவர் இடத்தில் விதிப்படி இயங்கும் நிரல் ஒன்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது உங்களைப் போன்ற பணியாளருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அணு ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவு மனிதரிடமே இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் லிமா நகரில் பைடனும் ஷி ஜின்பிங்கும் ஒத்துக்கொண்டது, இந்தத் துறையில் இரு வல்லரசுகளும் சொன்ன மிகப் பயனுள்ள வாக்கியம்.

கேள்வி: அமெரிக்காவும் சீனாவும் போட்டியில் இருக்கும்வரை எந்த உடன்பாடும் வராது. பிறகு ஏன் இந்தப் பேச்செல்லாம்?
– அரசு ஊழியர், யாழ்ப்பாணம்

பதில்: இன்றைய நிலவரம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2023 நவம்பரில் பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் நடந்த ஏ.ஐ. மாநாட்டில் இரு நாடுகளும் ஒரே பிரகடனத்தில் கையெழுத்திட்டன. 2025 பிப்ரவரியில் பாரிஸ் மாநாட்டுப் பிரகடனத்தில் சீனாவும் இந்தியாவும் கையெழுத்திட, அமெரிக்காவும் பிரிட்டனும் மறுத்துவிட்டன. பெரிய மாதிரிகளின் சோதனை முடிவுகளை அரசுக்குத் தெரிவிக்கச் சொன்ன பைடனின் ஆணையை, டிரம்ப் 2025இல் பதவியேற்ற அன்றே நீக்கினார். சீனா 2025 ஜூலையில் உலக ஏ.ஐ. ஒத்துழைப்பு அமைப்பு ஒன்றை முன்மொழிந்தது. அதன் தலைமையகத்தை ஷாங்காயில் வைக்க விரும்புகிறது என்பதால் வாஷிங்டன் அதைக் கையால்கூடத் தொடாது.

ஆயினும் பகைவர்கள் உடன்பாடு செய்துகொள்வதில்லை என்பது வரலாறு சொல்லும் உண்மை அல்ல. அணுசக்தி முழுவதையும் ஒரு பன்னாட்டு அமைப்பின் கையில் ஒப்படைக்கச் சொல்லி 1946இல் அமெரிக்கா கொண்டுவந்த பாருக் திட்டத்தைச் சோவியத் ஒன்றியம் ஏற்கவில்லை. மூன்று ஆண்டுகளில் சோவியத்தும் குண்டை வெடித்துவிட்டது. 1962இல் கியூபா நெருக்கடியில் இரு நாடுகளும் விளிம்புவரை போய் வந்த பிறகு, 1963இல் ஓர் உடன்பாடு வந்தது. அதில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதுதான் இங்கே முக்கியம். வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் சோதனை கூடாது என்று தடை செய்தவர்கள், நிலத்தடிச் சோதனையை விட்டுவிட்டார்கள். மற்ற மூன்றையும் தத்தம் நாட்டிலிருந்தபடியே கருவிகளால் கண்டுபிடிக்க முடியும். நிலத்தடியில் நடந்தது குண்டா, நிலநடுக்கமா என்று உறுதிசெய்ய எதிரி நாட்டுக்குள் ஆய்வாளரை அனுப்ப வேண்டும், ஆண்டுக்கு எத்தனை முறை அனுப்பலாம் என்பதில் அவர்களால் ஒத்துப்போக முடியவில்லை. நம்பிக்கை பிறந்ததால் அந்த உடன்பாடு வரவில்லை. நம்பாமலேயே சரிபார்க்க முடிந்த அளவுக்கு மட்டும் வந்தது.

ஆகவே தலைவர்கள் கைகுலுக்கும் படங்களைவிட, ஒரு தரவு மையத்துக்குள் நுழையாமலே அங்கு எவ்வளவு பெரிய பயிற்சி நடக்கிறது என்று அறிவது எப்படி, ஒரு சில்லே தன் பயன்பாட்டை மறைகுறியிட்டுச் சான்றளிக்குமா என்பன போன்ற ஆய்வுகளையே நான் கூடுதல் ஆவலோடு படிக்கிறேன். 1963க்கு நிலநடுக்கவியல் செய்ததை இங்கே அந்த ஆய்வு செய்யக்கூடும்.

கேள்வி: இந்தியா ஏன் தனிச்சட்டம் இயற்றவில்லை?
– போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், திருநெல்வேலி

பதில்: ஒருமுறை கடுமை காட்டிப் பார்த்தது. போதிய சோதனைக்கு உட்படாத மாதிரிகளை வெளியிட அரசின் முன்அனுமதி வேண்டும் என்று 2024 மார்ச் 1 அன்று மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அறிவுறுத்தல் அனுப்பியது. புதுத்தொழில் நிறுவனங்கள் கொதித்தெழுந்ததும் இரண்டே வாரத்தில் அந்த நிபந்தனையை நீக்கித் திருத்திய அறிவுறுத்தல் வந்தது. 2025 நவம்பரில் வெளியான வழிகாட்டு நெறிகள், தகவல் தொழில்நுட்பச் சட்டம் முதலிய இருக்கும் சட்டங்களே இப்போதைக்குப் போதும், தனிச்சட்டம் தேவையில்லை என்கின்றன.

முன்னணி மாதிரிகளை உருவாக்காத நாடு அவசரப்பட்டுச் சட்டம் இயற்றினால் தன் கையைத்தான் கட்டிக்கொள்ளும் என்பது ஒரு வாதம். அதை நான் ஓரளவு ஏற்கிறேன். ஆனால் கோடிக்கணக்கானோர் இந்த மாதிரிகளைப் பயன்படுத்தும் சந்தை என்ற வலு நம்மிடம் இருக்கிறது. தமிழிலும் இந்தியிலும் பேசும்போது இந்த மாதிரிகளின் பாதுகாப்பு வேலிகள் ஆங்கிலத்தில் இருப்பதைப் போலவே நிற்கின்றனவா என்று பார்த்து முடிவை வெளியிடச் சொல்லலாம். பிற நாடுகள் நமக்காக அதைச் செய்யப்போவதில்லை. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட இந்திய ஏ.ஐ. பாதுகாப்பு நிறுவனத்துக்குக் கையிலெடுக்கத் தகுந்த வேலை இது. தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் என் கருத்தை எழுத வேண்டாம், நெறிகளில் உள்ளதை எழுதுங்கள்.

கேள்வி: ஐ.நா. அமைத்துள்ள நாற்பது பேர் அறிவியல் குழுவால் ஏதாவது நடக்குமா?
– நூலகர், புதுச்சேரி

பதில்: 2025 ஆகஸ்டில் பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானம், 40 உறுப்பினர் கொண்ட அந்தக் குழுவையும், நாடுகள் கூடிப் பேசும் உலகளாவிய உரையாடலையும் உருவாக்கியது; உரையாடலை 2026இல் ஜெனீவாவிலும் 2027இல் நியூயார்க்கிலும் நடத்துவது என்று வகுத்தது. குழு ஆண்டுதோறும் அறிக்கை தரும், ஆனால் இன்னதைச் செய்யுங்கள் என்று நாடுகளுக்குச் சொல்லாது. எந்த நிறுவனத்தின் கதவையும் தட்டும் அதிகாரம் அதற்கு இல்லை. இராணுவப் பயன்பாடு அதன் வரம்பிலேயே இல்லை. பருவநிலை அறிவியலை உலகம் ஏற்கும்படி செய்ததில் 1988இல் அமைந்த ஐ.பி.சி.சி. குழுவின் அறிக்கைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அதன் முதல் அறிக்கைக்கும் பாரிஸ் உடன்பாட்டுக்கும் இடையே 25 ஆண்டுகள் ஆயின. இந்தக் குழுவின் முதல் சில அறிக்கைகளில் நான் தேடப்போவது ஒன்றுதான்: நிறுவனங்கள் தாமாகத் தந்த எண்களை மட்டும் வைத்து எழுதியிருக்கிறார்களா, அல்லது தாங்களே சோதித்துப் பெற்ற எண்களும் அதில் இருக்கின்றனவா என்பது.